இரண்டு சிறகுக் கோயில்

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, மாலை நாலு மணி. தோமையார்குப்பம் கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒருவரும் வரவில்லை.

மற்ற வருடங்களில் இந்நேரம் வரிசை கிணற்றடி வரை நிற்கும். இன்று முற்றத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. நாகபூஷணம் அதைத் தாண்டி நடந்தார். சித்தூர் கடைத்தெருவில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவர். பின்னால் வந்தவன் அவருடைய உதவியாளன் பழனி. நகரியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவன்.

மதில் சுவரில் தாரால் எழுதியிருந்தது. இந்த ஊர் ஆந்திராவுக்கு என்று தெலுங்கில். அதன் மேலேயே, மெட்ராசுக்கு என்று தமிழில். இரண்டு ராஜ்யத்துக்கும் நடுவில் கோடு போடும் எல்லைக் கமிஷன் எந்த மாதமும் தீர்ப்புச் சொல்லலாம் என்று புத்தூர் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

கோயில் உள்ளே குளிர்ந்திருந்தது. நீளமான கூடங்கள் இரண்டு. ஒன்று வடக்கே போனது, ஒன்று மேற்கே. இரண்டும் சேரும் மூலையில் பீடம். வடக்குக் கூடத்தில் ஊர்க்காரர், மேற்குக் கூடத்தில் சேரிக்காரர். வாசல் தனி, தீர்த்தத் தொட்டி தனி. பூசை வைக்கும் சாமியாருக்கு இரண்டு கூடமும் தெரியும். ஒரு கூடத்திலிருந்து மற்றதைப் பார்க்க முடியாது. கட்டிய நாளிலிருந்து ஒரு கூடத்தார் மறு கூடத்தில் கால் வைத்ததில்லை.

பழனி மூலையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான்.

"கமிஷன்காரங்கள இங்க கூட்டியாந்து காட்டணும் சார். கோடே போடாம ரெண்டா பிரிச்சிக்கிறான்."

நாகபூஷணம் சிரிக்கவில்லை. அவர் வந்தது இந்தக் கோயில் சாமியார் சூசைநாதருக்காக; சாமியாருக்குத் திங்கட்கிழமை வரைதான் நேரம் இருந்தது.

விஷயம் இதுதான். போன வருடம் மழைக்காலத்தில் நகரி ஆற்றில் வெள்ளம். மாட்டை மீட்க இறங்கினான் சின்னப்பன், ஊர்க்காரன். அவன் இடுப்பில் கயிறு. கரையில் நின்று மறுமுனையைப் பிடித்தவன் யாகப்பன், சேரிக்காரன். சின்னப்பன் செத்தான். கயிறு வழுக்கிவிட்டது என்றான் யாகப்பன். ஊர் நம்பியது.

ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தபசுகாலத் தொடக்கத்தில் யாகப்பன் பாவசங்கீர்த்தனம் சொன்னான். கயிறு வழுக்கவில்லை, நான்தான் விட்டேன் என்று. அடுத்த ஞாயிறு காலை அவன் கதவில் ஒரு துண்டுக் கயிறு தொங்கியது. அதற்கடுத்த ஞாயிறும் தொங்கியது.

அவனுக்குத் தெரியும். சாமியாருக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரிய வழியில்லை. சாமியார் சொல்லிவிட்டார் என்று யாகப்பன் சேரியில் அழுதான். சேரி வருவது நின்றது. பிறகு ஊரும் நின்றது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொன்ன சாமியாருக்கு மன்னிப்பு கிடையாது. மேற்றிராணியார், அதாவது பிஷப், அனுப்பும் விசாரணைச் சாமியார் திங்கட்கிழமை திருப்பதியிலிருந்து வருகிறார். குற்றம் உறுதியானால் சூசைநாதர் அதற்கப்புறம் பூசை வைக்க முடியாது.

இத்தனையும் காலையில் யாகப்பன் வாயால் கேட்டது. சொன்னபோது அவன் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றுத் துண்டுகளையும் கொண்டுவந்து காட்டினான்.

"செத்தவன் வீட்டுல யாரோ கட்டிக்கிறாங்க சார். கேசு முடிஞ்சிச்சி. வாங்க, ஓட்டல்ல ஏதாவது துன்னலாம்" என்றான் பழனி.

"வீட்டுல அம்மா ஒருத்திதான். இன்னாசம்மா. யார் கட்டினான்னு கேக்கலடா. எப்படித் தெரிஞ்சதுன்னு கேக்கறேன். அதைச் சொன்னாத்தான் சாமியார் தப்பிப்பார்."

"மெரட்டுறதுன்னா..."

"மிரட்டுறவன் சுருக்குப் போட்டுத் தொங்கவிடுவான். இதுல சுருக்கு இல்ல. முடிச்சுகூட இல்ல. எட்டிப் பிடிக்கிற மாதிரி சும்மா தொங்கியிருக்கு."

கோயிலுக்கு ஒட்டினாற்போல் சாமியார் பங்களா. மாடி வைத்த பழைய கட்டடம். ஓடு வேய்ந்த ஒரு நடை அதைப் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையோடு சேர்த்தது. சாமியார் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். தாடையின் இரண்டு பக்கமும் தோல் கன்றியிருந்தது. பழனி அதையே பார்த்தான். சாமியார் கையால் மறைத்துக்கொண்டார். பிறகு மறைக்க வேண்டாம் என்று நினைத்தவர்போல எடுத்தார்.

தூக்கத்தில் பேசுகிறேனோ என்று பயம், அதனால் இரவில் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு படுக்கிறேன் என்றார்.

யாகப்பன் சொன்னது பற்றி நாகபூஷணம் கேட்டார். சாமியார் தலையசைத்தார். "யார் வந்தாங்க, யார் வரலைங்கறதைக்கூட நான் சொல்லக் கூடாது."

"அதைச் சொல்ல வேண்டாம் சாமி. இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி வெளிய போயிருக்கா?"

"எனக்கு முன்னால இருந்த சாமியார் காலத்துல இல்ல."

"அவர் காலத்துக்கும் இப்பவுக்கும் என்ன மாறியிருக்கு?"

சாமியார் யோசித்தார். பாவம் கேட்கும் இடம் மாறியிருக்கிறது என்றார். முன்பெல்லாம் ஊர்க்காரர்தான் கோயிலுக்குள் பாவம் சொல்வார்கள். சேரிக்காரர் இதோ இந்தத் தாழ்வார ஜன்னலுக்கு வெளியே நின்று, கம்பிக்கு இந்தப் பக்கம் இருக்கும் சாமியாரிடம் சொல்வார்கள். மழையிலும் அப்படித்தான். சூசைநாதருக்கு அது பொறுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால், மேற்குக் கூடத்தில் பீடத்தை ஒட்டிய தூணடியில் அவர்களுக்கென்று ஒரு பாவசங்கீர்த்தனத் தொட்டி வைத்தார். ஊர்க்காரர் கோபித்துக்கொண்டார்கள்.

"உள்ளே கொண்டுவந்தது நல்லதுன்னு நெனச்சேன்" என்றார்.

தொட்டியை நாகபூஷணமும் பழனியும் போய்ப் பார்த்தார்கள். மரப்பெட்டி. நடுவில் சாமியார் உட்கார இடம், பக்கத்தில் முழந்தாளிட ஒரு பலகை, இடையில் கம்பி வலை. முதுகுப்புறம் தூண். தூணுக்கு நேர் பின்னால், சுவருக்கு அப்பால், பங்களாவின் கீழறை.

"அங்க யாரு?"

"ஜெபம் சொல்லிக்குடுக்கிற உபதேசியார் ராயப்பன்" என்றான் பழனி. அவன் அதற்குள் பங்களாச் சமையற்காரியிடம் விசாரித்திருந்தான். "இன்னாசம்மாவுக்குக் கூடப் பொறந்த அண்ணன் சார். தொட்டிய உள்ள வெச்சதுக்கு ரொம்பக் குதிச்ச ஆளு. செவுத்துல காத வெச்சி கேட்டுக்கினு, தங்கச்சிகிட்ட ஓதிட்டான். சுபம்."

"நீ இங்க முட்டி போடு. பாவம் சொல்றவன் எந்தக் குரல்ல சொல்வானோ அந்தக் குரல்ல பேசு. நான் போய்க் கேக்கறேன்."

"இன்னா பேசறது?"

"பாவம்தான்."

"எதுலேர்ந்து சார் ஆரம்பிக்கிறது? நெறைய கெடக்குதே."

"மெதுவா பேசு. தறி ஓடல இங்க."

ராயப்பன் பாதி தெலுங்கில் பேசினார், பாதி தமிழில். கோபம் வந்தபோது முழுக்கத் தெலுங்கு. அறைக்குள் விடுவதற்கே நேரமானது. நாகபூஷணம் சுவரில் காது வைத்தார். ஒன்றுமில்லை. கட்டிலை நகர்த்திவிட்டு மூலைச் சுவரிலும் காது வைத்தார். அங்கும் இல்லை. சுவர் ஜன்னலோரத்தில் எவ்வளவு கனம் என்று பார்த்தார். ஒரு ஆள் அதில் குறுக்கே படுக்கலாம்.

தன்னை எதற்குச் சந்தேகிக்கிறார்கள் என்று ராயப்பனுக்குப் புரிந்தது. அவர் மறைக்கவில்லை. சாமியார்மேல் மேற்றிராணியாருக்கு மனு எழுதியது தான்தான் என்றார்.

"எங்காதுல உழுந்திருந்தா கயிறு கட்டிக்கினு திரிய மாட்டேன். அதையும் சேத்து எழுதியிருப்பேன்."

அது நிஜம் என்று நாகபூஷணத்துக்குப் பட்டது. ஒளிந்து வேலை செய்கிற ஆளாக அவர் தெரியவில்லை.

மாடி அறையில் நின்று பார்த்தார். நடையில் நின்றார். பீடத்துக்குப் பின்னறையில், பூசை உடுப்புப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றார். எங்கும் ஒரு முணுமுணுப்பும் வரவில்லை. இனிப் பார்க்க பங்களாவில் இடமில்லை. சாமியார் தாழ்வாரத்திலிருந்து அவர் முகத்தைப் பார்த்தார். நாகபூஷணம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோயிலுக்குள் போனார்.

இந்தமுறை வடக்குக் கூடம் வழியாக. சுரூபச் சிலைகள் எல்லாம் தபசுகாலத்து ஊதாத் துணி போர்த்தி நின்றன. பீடத்தின் இந்தப் பக்கத்துத் தூணடியில் ஒரு கல் கிடந்தது. உட்காரும் உயரம். அதன் கீழே புளிச் சக்கையும் சாம்பலும் காய்ந்து ஒட்டியிருந்தன. மெழுகுதிரித் தண்டுகளைத் துலக்கும் இடம். அவர் உட்கார்ந்தார். கால் வலித்தது. தலையைத் தூணில் சாய்த்தார்.

காதருகே ஒருவன் பேசினான்.

"...ஏர்பேட்டுல அந்த ஆள விசாரிக்க போனேன்னு சொன்னேனே, போவல. புத்தூர் டாக்கீஸ்ல சினிமா பாத்துக்கினு இருந்தேன். அந்த ஆளு ஊரவுட்டே போய்ட்டான்னு சொன்னது நானே கட்டுனது. சாரு நம்பிட்டாரு. அதான் பாவமா கீது."

நாகபூஷணம் திரும்பினார். பக்கத்தில் யாரும் இல்லை. மேற்குக் கூடமோ தொட்டியோ இங்கிருந்து தெரியவே தெரியாது.

அவர் தூணைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "என்ன படம்?"

எங்கோ ஒரு பலகை சரிந்து விழுந்தது.

பிறகு அவர் அண்ணாந்து பார்த்தார். பீடத்துக்கு மேலே நாலு தூண்களில் நிற்கும் வளைகூரை. கண்ணாடிபோல் வழவழப்பான பழைய சுண்ணாம்புப் பூச்சு. மூலைக்கு மூலை, தூணிலிருந்து எதிர்த்தூணுக்கு, வில்போல் ஒரு மடிப்பு ஓடியது. ஒரு காலடியில் முணுமுணுத்தால் அது மடிப்பிலேயே ஏறி, எதிர்க்காலடியில் வந்து இறங்குகிறது. நடுவில் நிற்பவனுக்குக் கேட்காது. ஒன்றையொன்று பார்க்க முடியாமல் கூடங்களைக் கட்டியவர்கள் மேலே பார்க்க மறந்திருக்கிறார்கள். அந்தத் தூணடியில் முன்பு யாரும் பேசியதில்லை. சூசைநாதர் தொட்டி வைத்த பிறகுதான் பேசினார்கள்.

பழனி சத்தமில்லாமல் ஓடிவந்து நின்றான். அவனை அப்படி நாகபூஷணம் பார்த்ததில்லை.

"சார்... அது சும்மா, மாதிரிக்கி சொன்னது."

"அதை அப்பறம் பேசலாம். இங்க பாரு."

தூணில், உட்கார்ந்தவரின் தலை படும் உயரத்தில், வெள்ளைச் சுண்ணாம்பு மேல் எண்ணெய்க் கறை. உள்ளங்கை அகலம். ஒருநாளில் படிந்ததல்ல.

"வெளக்கு தேய்க்கிறவங்க தலை" என்றான் பழனி.

"தேய்க்கிறவ முன்னால குனிவா. பின்னால சாய்ஞ்சா தேய்க்க முடியாது. கேக்கத்தான் முடியும். சனிக்கிழமை சாயங்காலம் சேரிக்காரங்க பாவம் சொல்ற நேரம். அந்நேரம் இந்தக் கல்லுல உக்கார்றது யாரு?"

பழனி போய்ச் சமையற்காரியைக் கேட்டு வந்தான். பீடத்து வேலை ஊர்க்காரர் உரிமை. சனிக்கிழமை முறை பல வருடமாக ஒருத்திக்குத்தான். இன்னாசம்மாவுக்கு. யார் வந்தாலும் வராவிட்டாலும் அவள் வருவாள். இன்றைக்குக் குருத்தோலை பின்ன வேண்டும்; இப்போது வந்துவிடுவாள்.

நாகபூஷணம் மேற்குக் கூடத்துப் பக்கம் திரும்பினார். பிறகு பழனியின் காதில் ஏதோ சொன்னார். பழனி அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"இது சரியா சார்?"

"இல்ல. போ."

மேற்கு வாசல் வழியாகப் பழனி வெளியேறினான்.

இன்னாசம்மா ஓலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வடக்கு வாசலில் வந்தாள். நாற்பத்தைந்து வயது. நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்தன. தன் கல்லில் ஒரு வேற்றாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றாள். நாகபூஷணம் எழுந்து இடம் விட்டார். தான் யார், யாருக்காக வந்திருப்பது என்பதைச் சொன்னார். அவள் கட்டைப் பிரித்து ஓலைகளை மடியில் போட்டுக்கொண்டாள். சிலுவையாகப் பின்னத் தொடங்கினாள். அவர் உடனே ஒன்றும் கேட்கவில்லை. அவள் பின்னலைப் பார்த்தபடி மேற்குப் பக்கம் காதை வைத்திருந்தார். அங்கே வாசல் கதவு முனகிய பிறகுதான் கையை நீட்டித் தூணின் கறையைத் தொட்டார்.

அவளுடைய விரல்கள் நின்றன.

அவள் மறுக்கவில்லை. தலை குனிந்தபடி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் சனிக்கிழமை குரல் கேட்டபோது மாதா பேசுவதாக நினைத்து முழந்தாளிட்டாளாம். பேசியது கோழி திருடிய ஒருவன். அடுத்தது பெண்டாட்டியை அடித்தவன். பிறகு குரல்கள் பழகின. யார் என்று தெரிந்தது. வெளியே தெருவில் அவர்களைப் பார்க்கும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனாலும் சனிக்கிழமை வந்தால் நேரத்தோடு வந்தாள்.

"நவுந்து உக்காந்திருக்கலாம்" என்றாள். "உக்காரல."

"யாகப்பன் பேசினபோது?"

"புள்ள பேர சொன்னான். அப்பதான் மொத தடவ எழுந்து ஓடணும்னு தோணிச்சி. கால் வரல."

ஓலை அவள் விரலைக் கீறியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"அவன மிரட்டவா கயிறு கட்டினீங்க?"

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கேள்வி அவளுக்குப் புரிய நேரமானது.

"மெரட்டறதா? அது எம்புள்ள இடுப்புல கெடந்த கயிறு. பொணத்தோட வூட்டுக்கு வந்திச்சி. நுனி அறுந்திருக்கல. அப்பவே பாத்தேன், கேக்கல." அவள் மூச்சு விட்டாள். "அவன் சாமிகிட்ட சொல்லிட்டான். சர்வேசுரன்கிட்ட சொல்லிட்டான். பெத்தவகிட்ட சொல்லலியே. கயித்த பாத்தா புரிஞ்சிக்கினு வருவான், வந்து எங்கிட்ட சொல்வான்னு பாத்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கதவ தொறந்துவெச்சிக்கினு உக்காந்திருந்தேன்."

"வந்திருந்தா?"

"தெரியல."

அவன் வரவில்லை. கயிற்றைப் பார்த்து நடுங்கினான். பழி சாமியார்மேல் விழுந்தது. அது அவளுக்குத் தெரியும். சூசைநாதர் துண்டைக் கட்டிக்கொண்டு படுப்பதும் தெரியும், சமையற்காரி சொல்லியிருக்கிறாள். சாமியாரிடமே போய்ச் சொல்லலாம் என்று பங்களா வரை நடந்து, தாழ்வாரத்தில் அவர் முகத்தைப் பார்த்துத் திரும்பி வந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை விசாரணைச் சாமியாரிடம் இதைச் சொல்லவேண்டும் என்றார் நாகபூஷணம்.

"சொன்னா அத்தினி பேருக்கும் தெரியும். அவங்க பாவத்தையெல்லாம் நான் இங்க குந்திக்கினு கேட்டேன்னு. அப்பறம் ஒருத்தரும் இந்தக் கோயிலு படி ஏற மாட்டாங்க."

"சொல்லலைன்னா சாமியார் போயிடுவார்."

அவள் ஓலையை மறுபடி மடக்கத் தொடங்கினாள். வெளியே மதில்மேல் காக்கை கத்தியது. நாகபூஷணம் அவளைப் பார்க்கவில்லை. தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவள் அதைக் கவனித்தாள். அவர் முகத்தையும், பிறகு தூணையும் பார்த்தாள். கையிலிருந்த ஓலை கீழே விழுந்தது.

"யாரு அங்க?"

பழனியின் காதில் அவர் சொன்னது இரண்டே வாக்கியம். யாகப்பனைக் கூட்டி வா. தொட்டியடியில் உட்கார வை, பேசக் கூடாது. இந்தப் பக்கத்துக் குரலும் அந்தப் பக்கம் இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் பேசியதை முழுக்க அவன் கேட்டிருக்கிறான். சாமியார் சொல்லவில்லை என்பதற்கு இனி அவனே சாட்சி. அவள் வாய் திறக்காவிட்டாலும் சூசைநாதர் தப்பித்துவிட்டார்.

வேலை முடிந்தது. அவள் மாதக்கணக்கில் செய்ததை அவர் ஒரே மாலையில் செய்திருந்தார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது.

"மன்னிச்சுடுங்கம்மா" என்றார். அவள் காதில் அது விழவில்லை.

தூணிலிருந்து முதலில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு குரல். பக்கத்தில் அமர்ந்து பேசுவதுபோல் இருந்தது.

"கயிறு வழுக்கலம்மா. என்னையும் இழுத்துக்கினு போயிடும்னு பயந்துட்டேன். உட்டுட்டேன்."

இன்னாசம்மா உள்ளங்கையைத் தூணில் வைத்தாள். எடுக்கவில்லை.

மேற்குக் கூடத்தில் யாரோ எழுந்து நிற்கும் ஓசை கேட்டது. வெறுங்கால்கள் கல்தரையில் கொஞ்ச தூரம் வந்தன. பீடத்தின் மூலையில், இரண்டு கூடமும் பிரியும் இடத்தில் நின்றன. இந்தமுறை குரல் தூணிலிருந்து வரவில்லை. நேராக வந்தது.

"அம்மா... நான் அந்தப் பக்கம் வரட்டா?"